குங்குமம் வைத்த சுக்கான் பிடி

என் அக்கா கல்லூரியில் படிக்கும்போது துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டப் பழகினாள். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து அதுவரை யாரும் படகில் கால் வைத்ததில்லை. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில், அவள் படகின் சுக்கானைத் திருப்புகிற மரப்பிடி விரிசல் விட்டுவிட்டது. புதுப் பிடி கொண்டுவந்தால் படகு உனக்கு, இல்லாவிட்டால் கரையிலிருந்து பார் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம்.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்புக்கு மர அச்சு செய்யும் வேலை. பட்டறையிலேயே பழைய பிடியை அளவெடுத்துத் தேக்கில் புதிதாகச் செய்தார். அதோடு விடவில்லை. அக்காவுக்குச் சின்னக் கை. அவளைச் சப்பாத்தி மாவை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அந்த விரல் தடத்தைப் பார்த்து மரத்தில் பள்ளம் செதுக்கினார். வெள்ளிக்கிழமை அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாங்காட்டு அம்மன் படத்தடியில் கிடத்திப் பூசை போட்டாள்.

சனிக்கிழமை பழகப் போன அக்கா முகம் தொங்கிப்போய்த் திரும்பினாள். பள்ளமெல்லாம் வலது கைக்குத்தான் பொருந்துகிறது, இடது கையில் பிடித்தால் உறுத்துகிறது என்றாள்.

"இடது கையால எதுக்குடி புடிக்கிற? சாமி கும்ட்ட பொருளு" என்றாள் அம்மா.

"காத்துக்கு ஏத்தா மாதிரி பக்கம் மாறி ஒக்காரணும்மா. கையும் மாறும்."

எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. எதையும் வலது கையால் கொடுத்து வலது கையால் வாங்கிப் பழகிய வீடு.

அப்பா அரத்தை எடுத்தார். பட்டறை என்றால் மரத்தைக் கவ்விப் பிடிக்கக் கிடுக்கி இருக்கும், வீட்டில் கால்தான். குங்குமம் வைத்த மரத்தில் கால் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. மடியில் வைத்து ராவிப் பார்த்தார், நழுவியது. விடிந்தால் போட்டி.

அம்மா முந்தானையால் சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுந்தத் துடைத்தாள்.

"இப்ப கால வெச்சி புடி. ராவு."

அப்பா பாதத்தால் அழுத்திக்கொண்டு ராவினார். பள்ளமெல்லாம் போனபின் அக்கா உப்புத்தாள் போட்டாள். மறுநாள், அம்மன் புண்ணியத்தில், அவள்தான் படகை ஓட்டினாள்.

எனக்கு வேறு கவலை. காலில் காகிதம் பட்டால்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள் அம்மா. சனிக்கிழமை ராத்திரி ராவி முடித்த பிறகும் அவள் அம்மன் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து, அவளுக்கும் சேர்த்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.