சூட்டு இருமல்

என் கணவருக்கு முதலில் வந்தது இருமல் அல்ல, வியர்வை. விடியும்போது பனியன் நனைந்திருக்கும். காற்றாடி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். கைலி இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியபோது, "மூட்டுக்குப் போடுற ஊசி உடம்புக்குச் சூடு" என்று அவரே நோயைக் கண்டுபிடித்து, இளநீரை மருந்தாகவும் எழுதிக்கொண்டார்.

மலேசியாவில் மந்தினுக்கு உள்ளே, ஒரு காலத்தில் ரப்பரும் இப்போது செம்பனையும் (பாமாயில் மரம்) நிற்கும் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. அவர் அங்கே டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவுப் பிரிவில் இருந்தவள். எந்தக் கவுண்டரில் என்ன கேட்டால் எந்தக் கவுண்டருக்குத் துரத்துவார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

அவருக்கு இருந்தது ருமட்டாய்டு முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்). மாத்திரையும் ஸ்டீராய்டும் (வீக்கத்தை அடக்கும் மருந்து) போதவில்லை. நான் சோறு பிசைந்து ஊட்டும் நிலை வந்தபோது உயிரியல் ஊசி (எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியைக் கட்டிப்போடும் மருந்து) ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் விரல்கள் விரிந்தன. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமாக் கடைக்குப் (தமிழ் முஸ்லிம் உணவகம்) போய் பரோட்டா போன்ற ரொட்டி சானாயைத் தானே பிய்த்துத் தின்றுவிட்டு வந்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அந்த ஊசியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அந்தக் கிருமி பலர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும். எதிர்ப்புச் சக்தி அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி வைத்திருக்கும். ஊசி அந்தச் சுவரைத் தளர்த்திவிடும். அவருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், கையில் தோல் சோதனை (கிருமிக்கு உடல் எதிர்வினை காட்டுகிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். இரண்டும் சுத்தம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் கிருமி இருந்தாலும் தோல் சோதனை சுத்தமாக வரக்கூடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். "வீட்டில் யாருக்காவது காசநோய்?" என்று கேட்டார்கள். "கிடையாது" என்றார். நடைமுறை ஒழுங்காக முடிந்த திருப்தியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வியர்வை தொடங்கிச் சில வாரங்களில் இருமலும் வந்தது. அடுத்த ஊசி போடவேண்டிய நாளன்று, மம்பாவிலிருந்து அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, பார்லி தண்ணீரோடு வந்தார்.

"என்னடா தம்பி, கருவாடு மாதிரி காஞ்சிட்ட? டீச்சரம்மா சோறு போடுறதில்லையா?" நான் டீச்சர் அல்ல. கண்ணாடி போட்டுப் பேப்பர் படிப்பதால் அண்ணி எனக்குக் கொடுத்த பட்டம்.

"சூடுலா அக்கா. ஊசிச் சூடு."

"அப்பாவுக்கும் இதே சூட்டு இருமல்தான். இப்படியே நனைஞ்சுதான் எந்திரிப்பாரு. ஒனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது, அவரு மடியிலயே கெடப்ப."

நான் பேப்பரை மடித்தேன். "மாமாவுக்கு யார் வைத்தியம் பாத்தா, அண்ணி?"

"தோட்டத்து டிரெசருதான் (மருத்துவ உதவியாளர்). தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வைக்கச் சொன்னாரு. அப்புறம் தூரமா ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அங்கயே முடிஞ்சிருச்சு."

"அந்த நோய்க்கு என்ன பேரு சொன்னாங்க?"

"அதான் சொல்றேனே, சூட்டு இருமல். வேற பேரு சொன்னா லயத்துல (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) யாரு பொண்ணு எடுப்பாங்க, கொடுப்பாங்க?"

ஆஸ்பத்திரியில் "கிடையாது" என்றபோது என் கணவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் காசநோய் இருந்ததே இல்லை; சூட்டு இருமல்தான் இருந்தது.

சாயங்காலம் அவரே குளிர்பெட்டியிலிருந்து ஊசியை எடுத்து வந்தார். "போடு."

"காய்ச்சலோட போடக்கூடாது. நாளைக்கு சிரம்பான் போய்க் காட்டிட்டுத்தான்."

"காட்டுனா நிறுத்திப்புடுவாங்க. மறுபடி நீ ஊட்டி நான் திங்கணுமா? ஒனக்கென்ன, ரூல்ஸ் பேசுவ. கை என்னோடது."

"நெஞ்சும் உங்களோடதுதாங்க."

ஊசியைப் பிடுங்கி மறுபடி குளிரில் வைத்தேன். மறுநாள் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ஊசி வைத்து நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், காசநோய் உறுதியானது. டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண்.

"அங்கிள், ஊசி இப்ப நிறுத்தணும்."

"கை?"

"திரும்ப வீங்கும். ஸாரி அங்கிள், மறைச்சுப் பேச விரும்பல. மொதல்ல உயிர், அப்புறம் கைக்கு வழி பாப்போம்."

அண்ணி சொன்னதை நான் சொன்னேன். என் கணவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "எங்கப்பா எனக்கு ஒண்ணும் விட்டுட்டுப் போவலன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், டாக்டர்" என்றார்.

மாதக்கணக்கில் மாத்திரை. தினமும் கிளினிக்கில் நர்ஸ் முன்னால் விழுங்க வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். எனக்கும் அண்ணிக்கும் பரிசோதனை நடந்தது, தப்பித்தோம். காய்ச்சல் அடங்கியது, எடை ஏறியது. டாக்டர் சொன்னபடியே விரல்கள் மறுபடி மடங்கின. நான் சோறு பிசைந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

இந்த ஊசியை எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். காய்ச்சலோ இருமலோ விடாமல் இருந்தால் சூடு என்று முடிவுகட்டாதீர்கள். ஊசியைத் தள்ளிவைத்து டாக்டரிடம் போங்கள். பரிசோதனைக்கு முன்பே, வீட்டில் யார் இருமி இறந்தார்கள், யாருக்குத் தட்டு தனியாக வைத்தார்கள் என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். நோயின் பெயரைக் கேட்டால் சரியான பதில் வராது.

சிகிச்சை முடிந்தது. கிருமியைக் கிளப்பும் அபாயம் குறைந்த வேறொரு மருந்தை, கண்காணிப்போடு தொடங்கலாம் என்றார் டாக்டர். என் கணவர் என்னைப் பார்த்தார். "போடுங்க" என்றார். "காய்ச்சல் வந்தா நானே வந்து சொல்லிப்புடுறேன். இவ புடுங்கறதுக்கு முன்னாடி."

தோட்டத்து லயத்தில் தகப்பனின் மடியில் கிடந்தபோது உள்ளே போன மூச்சு, அவர் கல்யாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, தகப்பனைவிட மூத்தவராகும்வரை அவருக்குள் காத்திருந்தது. இதை நினைக்கும்போது, போன வருடம், வருகிற மாதம் என்று பதிவேட்டில் நான் எழுதிப் பழகிய காலமெல்லாம் சிறுபிள்ளைக் கணக்காகத் தெரிகிறது. அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். அந்த மூச்சு அவர் ஒருவருடையது என்று இப்போது தோன்றுவதில்லை.

புது மருந்து மெதுவாகத்தான் வேலை செய்கிறது. இன்று காலை கிளினிக்குக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளப் பார்த்தார். நான் நீட்டிய கையைத் தள்ளினார். தாமதமானால் கிளினிக்கில் எங்கள் முறை தாண்டிவிடும் என்று தெரிந்தும் நாற்காலியில் உட்கார்ந்தேன். பொத்தான் துளைக்குள் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.