கில்மோர் பண்ணையில் சொறி

மார்ஜரி கில்மோரிடம் நான் பதினோரு வருடம் மேய்ப்பனாக இருந்தேன். ஆஸ்திரேலியாவில், விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் அவளுடைய அப்பா விட்டுப்போன பண்ணை அது. ஊருக்குப் போய் வாங்குவதும் விற்பதும் அவள் அண்ணன் ஹியூ. ஒன்பதாயிரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டது மார்ஜரி.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழில் புல் முழங்கால் உயரம் நின்றது. ஹியூ வடக்கேயிருந்து நாற்பது கிடாக்களை ஓட்டிவந்தான். மூன்றாம் வாரம், ஒரு கிடா பட்டித் தட்டியில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றது. மார்ஜரி அதைப் புரட்டிப்போட்டு, ரோமத்தை விலக்கினாள். தோல் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"சொறி," என்றாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதே, சைலஸ்."

ஹியூ அதற்குமேல் போனான். "ஆட்டு நோய் பாக்கற இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சா மொத்தத்தையும் கொல்லச் சொல்லிடுவான். கம்பளி வெட்ட ஆறு வாரந்தான் இருக்கு."

"பக்கத்துப் பண்ணை பின்லே ஆடுங்களும் நம்ம ஓடையிலதான் தண்ணி குடிக்குது. அதுங்களுக்கும் ஒட்டிக்கும்," என்றாள் மார்ஜரி.

"பின்லே உனக்கு மாமனா, மச்சானா?"

அவள் பதில் பேசவில்லை. "அங்கேதான் நான் தவறினேன்" என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள்.

புகையிலையும் கந்தகமும் கொதிக்கவைத்து, கிடாக்களை ஒவ்வொன்றாக முக்கியெடுத்தோம். கை வெந்ததுதான் மிச்சம். புதர்களில் ரோமம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஆடுகள் புல்லை விட்டுவிட்டுத் தங்கள் விலாவைக் கடித்தன. காற்று நின்ற பகல்களில், உடம்பு மரத்தில் உரசுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. மார்ஜரி ஜன்னல்களை மூடச் சொன்னாள்.

சொறி தெரிந்த ஐந்தாம் வாரம் பின்லே வந்தார். குதிரையிலிருந்து இறங்கவில்லை.

"மிஸ் கில்மோர், எங்க ஆடு ரெண்டு மூணு உடம்பைக் கடிச்சுக்கிட்டே இருக்கு. உங்களுக்குத் தெரியாததா? ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா?"

மார்ஜரி ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாக்க வேண்டியதில்ல. எங்க கிடாகிட்டேருந்து வந்தது."

"எத்தன நாளாத் தெரியும்?"

"ஒரு மாசமா."

அவர் குதிரையைத் திருப்பினார். அன்று மதியமே அவள் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னாள்.

அவர் உத்தரவுப்படி இரண்டு பண்ணை ஆடுகளையும் ஓடைக்கரையிலேயே வெட்டி, மெழுகுவத்திக்கு விற்கக் கொப்பரைகளில் கொழுப்புக் காய்ச்சினோம். பதினேழு நாள் ஆயிற்று. ஹியூ மெல்போர்னுக்குப் போனவன் தங்கைக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை.

மார்ஜரி போகவில்லை. சொறி அடங்கட்டும் என்று புல்வெளியை இரண்டு வருடம் வெறுமையாக விட்டுக் காத்திருந்து, முந்நூறு பெட்டைகளோடு மறுபடி தொடங்கினாள். பின்லேயால் அது முடியவில்லை. அவர் குடும்பத்தோடு கிளம்பிய அன்று அவள் பாதையோரம் போய் நின்றாள். வண்டி வேகத்தைக் குறைக்காமல் அவளைக் கடந்து போயிற்று.