குதிகாலுக்கு இரண்டு இலை

என் நாத்தனார் இருபத்தெட்டு வருஷம் நடந்தே தபால் கொடுத்தவள். ஷூ தேய்ந்ததோ இல்லையோ, அவள் குதிகால் தேய்ந்தது. அதற்காகவே நாங்கள் சேர்ந்திருந்த வீட்டின் முன்பாத்தியில் ஆட்டுக்குட்டிக் காது என்ற செடியை வளர்த்தாள். சாம்பல் பூத்த இலை, தொட்டால் குட்டியின் காது போலவே மெத்தென்று இருக்கும். காலையில் ஈரமில்லாத இலை இரண்டைப் பறித்து, குதிகால் உரசும் இடத்தில் ஷூவுக்குள் வைத்துக்கொண்டு கிளம்புவாள்.

ஒரு கோடையில் பத்து நாள் வெளியூர் போனாள். "அண்ணி, இலை மேல தண்ணி படக்கூடாது. மண்ணு காஞ்சா மட்டும் வேர்ல விடுங்க" என்றாள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கு இவள் சொல்லித்தர வேண்டுமா? தினமும் தலையோடு ஊற்றினேன். அவள் திரும்பியபோது பாத்தி அழுகிக் கூழாகக் கிடந்தது.

"குளிப்பாட்டினீங்களா அண்ணி?"

"வெயில்ல பாவமா இருந்துச்சு."

"பாவம் என் காலுதான்!"

அதன்பின் பஞ்சு வைத்து நடந்தாள். அது சுருண்டு நழுவியதால் மாலையில் நொண்டிக்கொண்டு வருவாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தப்பு என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. கல்லோரம் பிழைத்திருந்த ஒரே கன்றை மணல் கலந்த மண்ணில் நட்டேன். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தே தண்ணீர் விட்டேன். இரண்டு மாதம் கழித்து, அகலமான இலை இரண்டை அவளுக்குத் தெரியாமல் ஷூவில் வைத்தேன்.

காலை நுழைத்தவள் நிமிர்ந்தாள். "யாரு வச்சது?"

"யாரு வச்சா என்ன? நேரமாச்சு, கெளம்பு."

சிரித்துக்கொண்டே போனாள். தெருமுனை வரைக்கும் நொண்டவே இல்லை. அந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.