வித்யா விட்டுவைத்த காலி இடங்கள்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் இரைச்சலுக்கு நடுவே அந்த அழைப்பை எடுத்தேன். பேசியவர் வித்யாவின் கணவர் சேகர். "வித்யா போயிட்டாம்மா" என்றார். சரியாகக் காதில் விழவில்லை. "எங்க போயிட்டாண்ணா?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அழுகை மட்டும் வந்தது.

சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நானும் அவளும் அடுத்தடுத்த மேசை. ஒரே வயது. அவளை அறிந்த உங்களில் பலருக்கு அவளுடைய சிரிப்பு நினைவிருக்கும். எனக்கோ அவள் முகம் வெளுத்துப்போன ஒரு காலைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

பெருமழையில் முடிச்சூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. மீட்கப் போகும் படகுக்காரர்களுக்காக ஓர் இணையப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தோம். உதவி கேட்பவரின் பதிவுக்குள் வீடு, வீட்டுக்குள் ஆட்கள், ஒவ்வொரு ஆளுக்குள்ளும் மருந்துத் தேவை என்று தகவல் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். யாரோ ஒருவர் வீட்டு விவரமே தராமல் அனுப்பிவிட்டார். இல்லாத வீட்டுக்குள் கதவு எண்ணைத் தேடிப் போன எங்கள் நிரல் அங்கேயே முடங்கி நின்றது. அந்த ஒரு பதிவால் பக்கம் முழுவதும் காலியானது.

படகுக்காரர் போனில் கத்தினார். "இன்னா மேடம், ஸ்கிரீன் வெள்ளையா கீது! போட்ல குந்திகினு கீறோம். எங்க போறதுன்னே தெர்ல!"

எங்கள் நிறுவனத்தை நடத்தும் முரளி சார் பதறினார். "விவரம் இல்லாத பதிவை எல்லாம் தூக்கிடும்மா. லிஸ்ட் வந்துடும்."

"லிஸ்ட் வரும் சார். அந்த ஆளு வர மாட்டாரு" என்றாள் வித்யா. வீடு இருக்கிறதா என்று முதலில் பார், இருந்தால் மட்டும் உள்ளே போ, இல்லாவிட்டால் 'வீடு தெரியவில்லை' என்று சிவப்பில் காட்டு என ஒவ்வொரு படியிலும் எழுதிக்கொண்டே போனாள். பக்கம் உயிர்பெற்றது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு போன் நம்பரும் 'ஆக்ஸிஜன்' என்ற ஒற்றைச் சொல்லும் மட்டும் கொண்ட பதிவு சிவப்பாக நின்றது.

அவளே அந்த எண்ணை அழைத்தாள். எடுத்தது ஒரு பெண். "புது லேஅவுட்டுக்கா. டோர் நம்பரே இன்னும் போடல. அப்பாவுக்கு மூச்சு வாங்குது, சீக்கிரம் வாங்கக்கா!" தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியை அடையாளமாகக் கேட்டறிந்து படகை அனுப்பினாள். மகளைக் கூட்டிவந்தார்கள். அப்பா உயிரோடு இல்லை.

"பக்கம் வெள்ளையா இருந்த நேரத்துல படகு போய்ச் சேர்ந்திருக்கலாமேடி" என்று அவள் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை வெளியே நின்று கேட்டேன்.

அதன் பிறகு அவள் இந்த விஷயத்தில் யாருக்கும் வளைந்து கொடுக்கவில்லை. ஒரு கிளினிக்குக்கான செயலியில், சர்க்கரை அளவு பதியாத நோயாளிகளுக்குப் பூஜ்யம் என்று காட்டும்படி ஒருவர் எழுதியிருந்தார். வித்யா கொதித்துப் போனாள். "பூஜ்யம்னா அளந்து பாத்தாச்சுன்னு அர்த்தம். இங்க யாரும் அளக்கவே இல்ல. காலியா இருந்தா காலின்னே காட்டுங்க, அப்பதான் யாராவது அளப்பாங்க."

புற்றுநோய் அவளைப் படுக்கையில் தள்ளியபோது தாம்பரத்தில் மருத்துவமனைக்குப் போனேன். கை குச்சியாகியிருந்தது. "அடுத்த மாசம் ஆபீஸ் வந்துடுவ பாரு" என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "தெரியாத இடத்துல நீயா ஒண்ணைப் போட்டு நிரப்பாதடி. தெரியலன்னு சொல்லு. சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு." உட்கார்ந்தேன். நாங்கள் பேசியது அதுதான் கடைசி.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிற்பகலில் சேகர் அண்ணா கூடத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தார். "பாப்பாவ வெச்சுகிட்டு இனிமே நான் எப்படிம்மா இருக்கப் போறேன்?" என்று கேட்டார். காலம் எல்லாவற்றையும் ஆற்றும், கடவுள் இருக்கிறார் என்றெல்லாம் வாய்வரை வந்தது.

"எனக்குத் தெரியலண்ணா" என்றேன். செருப்பை மாட்டக் கிளம்பியவள் திரும்பி வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வித்யாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.