எனிட்டின் மரச்செருப்பு

எனிட் சக்டன் வருகிறாளா என்று பார்க்க எங்கள் தெருவில் யாரும் ஜன்னல் திரையை விலக்க வேண்டியதில்லை. காது இருந்தால் போதும். மரத்தில் அடிப்பாகம், அதில் இரும்பு லாடம், கல் பாவிய தெருவில் டக் டக்கென்று சத்தம். போர் முடிந்து ஆறு வருடமாகியிருந்தது. லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் நாங்கள் பலரும் தெருவில் தோல் காலணிக்கு மாறிவிட்டோம். அவள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் மரச்செருப்போடு வருவாள். என்ன சிக்கனம் பாருங்கள் என்று ஊர் மெச்சியது. நானும் மெச்சினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அவள் கணவன் கிளிஃபர்ட் தறிக்கூடத்தில் மேஸ்திரி. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். எதிரில் யார் வந்தாலும் தொப்பியைத் தூக்குவான். எங்கள் நாடகக் குழுவுக்கு நிரந்தரக் கதாநாயகனும் அவன்தான், குரல் அப்படி. எனிட்டுக்கு அங்கே ஒரே வேலைதான். மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். ஒன்பது வருடம் அந்த மூலையில் இருந்தாள். அதற்கு மட்டும் அவன் ஏன் விட்டான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த மூலையில் அவளை யாரும் பார்க்க முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பழைய நாடகத்தை எடுத்தோம். முன்னூறு வருடத்துக்கு முந்தைய எழுத்து. ஒரு பிரபு தன் மனைவியையும் நண்பனையும் சேர்த்துச் சந்தேகப்பட்டு, அவளைப் பனியில் துரத்துகிறான். பதினைந்து வருடம் கழித்து ஒரு கன்னிமடத்தில் அவளைக் கண்டுபிடித்து மண்டியிட்டு அழுகிறான். "உம்மை மன்னித்தேன், எழுந்திரும்" என்கிறாள். அதுதான் கடைசி வரி. அதோடு திரை விழ வேண்டும்.

அந்தக் கடைசி வரியை ஒத்திகையில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் விளங்காது என்பது மேடைக்காரர்களின் நம்பிக்கை. ஊர் முன்னால்தான் முதல்முறை சொல்ல வேண்டும். அதுவரை எங்கள் குழுவில் அந்த இடத்துக்கு "டீ ஆறிப் போகுது" என்று சொல்வோம். அதைக் கேட்டதும் திரை இழுக்கிற பெர்ட் கயிற்றை விடுவான். முக்காலிக்குப் பின்னால் அவன் நிற்கும் இடத்திலிருந்து மேடை தெரியாது. பதினொரு வாரமாக அவன் காதுக்குப் பழகியது அந்த டீதான்.

சனிக்கிழமை மதியம் நாடகம். புதன்கிழமை எங்கள் நாயகி மார்ஜரிக்குக் கன்னம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. பொன்னுக்கு வீங்கி. இயக்குநர் ஹெப்வொர்த் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனுஷர், கண் மட்டும் புத்தகத்தைத் தாண்டாது.

"எனிட்டுக்கு எல்லா வசனமும் தலைகீழாத் தெரியுமே! கிளிஃபர்ட், உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"எனக்கென்ன சார்? வீட்டுல நடிக்கிறத இங்க வந்து நடிக்கட்டும்" என்றான் கிளிஃபர்ட். எல்லோரும் சிரித்தார்கள். எனிட் சிரிக்கவில்லை.

உடை தைக்கிறவள் நான், ஆல்மா. வசனம் எடுத்துக் கொடுக்கிற முக்காலி வேலையும் என் தலையில் விழுந்தது. எனிட் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. "வசனம் மறந்தவ கண்ணு அலையும், ஆல்மா. வேணும்னு நிறுத்தினவ கண்ணு ஒரே எடத்துல நிக்கும். அலைஞ்சா எடுத்துக் குடு. நின்னா வாயத் தொறக்காத."

வியாழக்கிழமை ஒத்திகையில், நண்பனாக நடித்த தபால்காரப் பையன் டென்னிஸ் நாடகத்தில் உள்ளபடி அவள் வலது கையைப் பிடித்தான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. நான் தற்செயலாகக் கிளிஃபர்டைப் பார்த்தேன். அவன் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை எனிட் உடை அளவு பார்க்க வந்தபோது அவள் வலது கையில் மூன்று விரலுக்குக் கட்டு.

"அடுப்புக் கதவு" என்றாள் நான் கேட்பதற்கு முன்பே.

நான் கன்னிமடக் காட்சிக்குத் தைத்த துணிச்செருப்பைக் கீழே வைத்தேன். சாம்பல் நிறக் கம்பளித் துணி. அவள் காலை நுழைத்து இரண்டு அடி நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சத்தமே வரல ஆல்மா."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. பஞ்சாலை விருந்தில் ஒரு குமாஸ்தாவோடு இரண்டு பாட்டுக்கு ஆடியிருக்கிறாள். அந்த வாரமே அவளுடைய இரண்டு ஜோடிக் காலணியும் சமையலறை அடுப்பில் எரிந்திருக்கிறது. மறுநாள் மரச்செருப்பு வாங்கி வந்தானாம். "இனிமே நீ எந்த மூலைல நடந்தாலும் எனக்குக் கேக்கும்." நாங்கள் சிக்கனம் என்றோமே, அது இதுதான். என் வாயில் மண்ணைப் போட.

"உங்க அக்கா மோர்கம் கடற்கரைல விடுதி நடத்துறால்ல? போயிடு கண்ணு" என்றேன்.

"முடியாது. அவரு நேத்து சொல்லிட்டாரு. 'சனிக்கிழமை ஊரு பூராவும் பாக்க நீ என்னை மன்னிக்கப் போற. அப்புறம் பழசப் பத்தி ஒரு வார்த்த உன் வாயில வரக் கூடாது, எவளும் உன்ன நம்பவும் மாட்டா'ன்னாரு. அதுக்குத்தான் என்ன நடிக்க விட்டதே." கட்டுப் போட்ட விரலைத் தடவிக்கொண்டாள். "சொல்லலன்னா வீட்டுக்கு வந்து என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். சொல்லிட்டா அப்புறம் நான் அந்த வீட்டுக்குள்ளயேதான்."

"என் கோட்டு நாளைக்குப் பின்கதவு ஆணியில தொங்கும். மோர்கம் வரைக்கும் டிக்கெட் எடுத்து அதோட பையில வச்சிருப்பேன். அஞ்சு இருபது ரயில்."

"எனக்குப் பயமா இருக்கு. நான் சொல்லிடுவேன் ஆல்மா. பழக்கம்."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. ஈரக் கம்பளிக் கோட்டு வாசனை முக்காலி வரைக்கும் வந்தது. எனிட் தன் மரச்செருப்பைக் கழற்றி என் முக்காலிக்கு அடியில், முனை சுவரைப் பார்க்க வைத்துவிட்டு மேடைக்குப் போனாள்.

துரத்துகிற காட்சியில் கிளிஃபர்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே தள்ளினான். ஒத்திகையில் தோளைத்தான் தொடுவான். கட்டுப் போட்ட கை பலகையில் படீரென்று விழுந்தது. ஊர் கை தட்டியது! என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அவள் எழுந்து வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

கடைசிக் காட்சி. துணிச்செருப்போடு அவள் நிற்கிறாள். அவன் மண்டியிட்டான், அழுதான். நிஜக் கண்ணீர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கே இரக்கம் வந்தது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

அவள் பேசவில்லை.

"உம்மை மன்னித்தேன்..." என்று கிசுகிசுத்தேன். கையில் புத்தகம் இருந்தால் வாய் தானாகப் படித்துவிடுகிறது. சொன்ன பிறகுதான் அவள் கண்ணைப் பார்த்தேன்.

அது அலையவில்லை. அவன் முகத்திலேயே நின்றது.

புத்தகத்தை மூடினேன். கை வியர்த்து அட்டையின் சாயம் விரலில் ஒட்டியிருந்தது. எதிர்ப்பக்க மறைவிலிருந்து ஹெப்வொர்த் வாயை அசைத்து அசைத்து அந்த வரியைக் காட்டினார். மண்டபத்தில் ஒருவர் இருமினார். அவ்வளவுதான் சத்தம்.

"சொல்லு" என்றான் கிளிஃபர்ட், உதட்டை அசைக்காமல்.

அவள் நின்றாள். நடுங்கினாள், ஆனால் நின்றாள்.

"எனிட். சொல்லு."

அவன் கை அவள் உடையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல முறுக்க ஆரம்பித்தது. ஊருக்கு அது கெஞ்சல். எனக்குத் தெரியும் அது என்னவென்று. இன்னும் ஒரு நொடி போனால் அவள் உடைந்துவிடுவாள், இல்லை அவன் எழுந்துவிடுவான். கடைசி வரி கேட்காமல் பெர்ட் விடியும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வசனத்தை நானே உரக்கச் சொன்னால் அவள் சொன்னதாகவே ஊர் எடுத்துக்கொள்ளும். பெர்ட் பக்கமாகப் பின்னால் சாய்ந்தேன்.

"பெர்ட், டீ ஆறிப் போகுது."

திரை தடாலென்று விழுந்தது. வெளியே ஒரு கணம் அமைதி, பிறகு கூரை இடிகிற மாதிரி கைதட்டல். வாய்விட்டு மன்னிக்காமல் பார்வையிலேயே மன்னித்தாளே, அடடா என்று பிற்பாடு உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. எழுதட்டும்.

கிளிஃபர்ட் எழுவதற்குள் ஹெப்வொர்த் ஓடி வந்து அவனை இழுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய்விட்டார். வணங்காமல் இருக்க முடியுமா, கதாநாயகன். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. ஊரைப் பார்த்துச் சிரித்தான். ஆனால் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன், அவன் தலை பின்பக்கம் சாய்ந்தே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே வந்ததும் நேராக என்னிடம் வந்தான்.

"எங்க அவ?"

நான் உடைகளை மடிக்கத் தொடங்கினேன்.

"வெளிய போகல. போயிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்" என்றான். என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை.

முக்காலியைக் காலால் நகர்த்தினேன். மரச்செருப்பு இரண்டும் சுவரைப் பார்த்தபடி இருந்தன. அவன் குனிந்து ஒன்றை எடுத்தான். என் மண்டையில்தான் இறங்கப் போகிறது என்று நினைத்தேன். எறியவில்லை. லாடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டு என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து இருபது ரயில் பாலத்தைத் தாண்டும் சத்தம் கேட்கும்வரை நான் அவனை விட்டு நகரவில்லை.

பத்து நாள் கழித்து என் கோட்டு மோர்கமிலிருந்து தபாலில் வந்தது. கொண்டு வந்தவன் டென்னிஸ், ஆனால் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. துணிச்செருப்பு மட்டும் வரவில்லை. அது குழுவின் சொத்து என்று ஹெப்வொர்த் முணுமுணுத்தார். நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

கிளிஃபர்ட் அந்தக் குளிர்காலம் முழுக்க, பஞ்சாலைச் சங்கு ஊதி வேலை முடிந்ததும் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். தெருவில் யார் வீட்டு வாளி உருண்டாலும் சட்டென்று திரும்பிப் பார்ப்பான்.