வெயிட்டு கொறைக்க வந்த அண்ணன்

விழுப்புரத்துலேர்ந்து ஒரு அண்ணன், பழைய காண்டசா காரை எங்க திண்டிவனம் ஷெட்டுக்கு எடுத்துக்கினு வந்தாரு. அதை டிராக் ரேஸுக்கு மாத்தணுமாம். நேர் ரோட்டுல யாரு முந்திப் பாயறாங்கன்ற ரேஸு. தானே ஓட்டணும்னு அவருக்கு வெறி. பெரிய மீசை, பெரிய ஒடம்பு, தொப்பை ஸ்டியரிங்ல இடிக்கும்.

வெயிட்டு கொறையணும்னு பின்சீட்டு, ஏசி எல்லாம் கழட்டிக்கினே இருந்தோம். ஒவ்வொண்ணையும் கையில தூக்கிப் பாத்து, "எட்டு கிலோ போச்சுடா தம்பி"ன்னு லாட்டரி விழுந்தாப்ல சிரிப்பாரு.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இதெல்லாம் எதுக்குண்ணா? நீங்க ஒருத்தர் எறங்குனா போதுமே!"ன்னேன். ஷெட்டே சிரிச்சிது. அவரும் சிரிச்சாரு.

அன்னிலேர்ந்து மதியம் சோறு தொடாம, டீயை மட்டும் குடிச்சிக்கினு இருந்தாரு. ஆளில்லாத லேஅவுட் ரோட்டுல ட்ரையல் பாக்கப் போனப்ப, சாவியை என் கையில வெச்சாரு.

"நீ ஒல்லி. ரேஸுலயும் நீயே ஓட்டுடா."

"அய்யோ, சும்மா சொன்னேண்ணா! ஏறுங்கண்ணா."

"தெரியும்டா. ஆனா காரு ஜெயிக்கணும்ல?"

வண்டி பறந்துது. திரும்பி வந்தா, ரோட்டோரம் நின்னு கைதட்டிக்கினு இருக்காரு. அவரு மூஞ்சைப் பாக்க முடியாம, பானெட்டைத் தொறந்து, நல்லா இருந்த இன்ஜினையே நோண்டிக்கினு நின்னேன்.