வலைக் கொட்டகைக்குள் போன குஞ்சுகள்

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். மண்டபத்துக்கு மேற்கே, வடகடலை ஒட்டியிருந்த எங்கள் குடியிருப்பில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. கையில் ஒரு குழந்தை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள். படிப்பு வந்ததோ இல்லையோ, பயம் மட்டும் எனக்குக் குறைவில்லாமல் வந்தது. நாய் குரைத்தால் பயம், குரைக்காமல் இருந்தால் இன்னும் பயம்.

முந்தின வருஷ அடைமழையில் என் கோழி பொரித்த குஞ்சுகள் அத்தனையும் நனைந்து விறைத்துச் செத்துப்போயின. இந்த வருஷமும் அப்படிப் போனால் இனிமேல் கோழியே வளர்ப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அதற்கேற்றாற்போல், குஞ்சு பொரித்த சில நாளிலேயே தாய்க்கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்து வைத்துக்கொள்ள யாரும் இல்லை. அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

ஓலைப்பெட்டியில் உமி பரப்பி, நடுவில் சூடான சாம்பல் போட்ட கலயத்தைத் துணி சுற்றி வைத்து வளர்த்தேன். குஞ்சுகள் தேறின. சிறகு முளைத்தது. பெட்டி போதாமல் போயிற்று. இருந்தது ஒரே அறை; அதில் குழந்தை தவழ்கிற இடமெல்லாம் எச்சம். நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளவும் ஆரம்பித்தன. வெளியே விட்டாக வேண்டும். எனக்கோ வானத்தில் துணுக்கு மேகம் தெரிந்தாலும் பெட்டியை மூடத்தான் தோன்றும்.

"குஞ்சுகளுக்கு எப்பத் தொட்டில் கட்டப் போற?" என்று என் கணவர் கேலி செய்வார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வத்தை என்கிற எங்கள் பழைய சிறு படகு ஒன்று கரை மணலில் கவிழ்ந்து கிடந்தது. அதன் ஒரு பக்கத்தைக் கல் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, சுற்றிலும் கிழிந்த வலையைக் கட்டிக் கொடுத்தார். "கடல்லயே ஒழுகாத வத்தை. மழைக்கா ஒழுகப் போகுது?" என்றார்.

முதலில் வெயில் ஏறிய பிறகு கொஞ்ச நேரம் மட்டும் விட்டேன். பிறகு பாதிப் பகல், பிறகு சாயங்காலம் வரைக்கும். வெளிக்காற்று பட்டதும் அவை மணலைச் சீய்த்து, பூச்சி பொறுக்கி, பார்க்கவே தெளிச்சியாக இருந்தன. என் பயமும் கொஞ்சம் தணிந்தது.

ஒருநாள் குழந்தைக்கு இருமல் அதிகமாகி, மண்டபம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும் காலமாதலால், ஆண்கள் எல்லாரும் படகுகளைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய்விட்டு, பகலெல்லாம் அங்கேயே தொழில் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் இருந்தது என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. அவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. என் கோழி அவர் காயப்போட்ட கருவாட்டைக் கிளறியதில் வந்த சண்டை. கோழி போன பிறகும் பேச்சு திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நிற்கும்போது மழை பிடித்தது. பேய்மழை. வெளியே கால் வைக்க முடியவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேனே தவிர, என் உயிர் அந்த வத்தைக்கு அடியில் இருந்தது. மழை சற்று விட்டதும், முழங்கால் தண்ணீரில் வீடு வந்து சேர்ந்தேன்.

வத்தை அப்படியே இருந்தது. மேலே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் கீழே குளமாகத் தண்ணீர் நின்றது. பலத்த மழையில் எங்கள் மணலில் தண்ணீர் அடியிலிருந்தும் ஊறும். மேலே இருந்து வருவதைப் பற்றியே அத்தனை நாள் கவலைப்பட்ட எனக்கு இது தோன்றவே இல்லை. உள்ளே ஒரு குஞ்சுகூட இல்லை. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏத்தா, பிள்ளையோட ஈரத்துல ஏன் உக்காந்திருக்க? எந்திரி, இங்கன வா" என்று ஒரு குரல். ஓரகத்தி, இரண்டு வீட்டு வலைகளையும் போட்டு வைக்கிற கொட்டகை வாசலில் நின்றார்.

அப்போதெல்லாம் பருத்தி நூல் வலைதான். ஈரம் பட்டால் மக்கிவிடும். அதனால் வீட்டுக் கூரை ஒழுகினாலும் வலைக் கொட்டகைக்கு முதலில் ஓலை மாற்றுவார்கள். கடலுக்குப் போகிற வலையைப் பெண்கள் தாண்டக்கூடாது, மிதிக்கக்கூடாது என்பது எங்கள் பக்க வழக்கம். அதனால் நாங்கள் அந்தக் கொட்டகைக்குள் போவதே இல்லை. அன்று எட்டிப் பார்த்தேன். உள்ளே மேடாகக் குவித்திருந்த வலை மேல், விரித்த பழைய சேலையில் குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவை கத்தியது கேட்டு ஓரகத்திதான் மழையில் வத்தைக்கு அடியில் படுத்துத் தவழ்ந்து, மடியில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். ஒன்றிரண்டு பிழைக்கவில்லை. மற்றவை எல்லாம் துடைத்து எடுத்த பஞ்சு மாதிரி இருந்தன.

எனக்கு அழுகை வந்தது. "நீங்கதான் என்கூடப் பேசுறதில்லையே அக்கா" என்றேன்.

"எனக்கு ஒன் கோழி மேலதேன் கோவம். குஞ்சு மேல என்ன கோவம்?" என்றார்.

சாயங்காலம் ஆண்கள் திரும்பினார்கள். மூத்தார், அதாவது ஓரகத்தியின் கணவர், கொட்டகைக்குள் நுழைந்ததுமே சத்தம் போட்டார். "வலை மேல கோழிக் குஞ்சா? எவ பாத்த வேலை இது?"

நான் ஓரகத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஓரகத்தி அசையவில்லை. "நாந்தேன் வச்சேன். காஞ்ச எடம் இந்தக் கரையில வேற எங்கன இருக்கு, காட்டுங்க. அங்கன தூக்கி வைக்கிறேன்" என்றார்.

மூத்தார் சுற்றிப் பார்த்தார். காட்ட இடமில்லை. எச்சம் பட்ட வலையைப் பார்த்து, "மீனு பட வேண்டிய வலையில என்னத்தப் பட வச்சிருக்காக பாரு" என்று முனகினார். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

மழை ஓய்கிற வரை குஞ்சுகள் அங்கேயே இருந்தன. மறுநாளே மூத்தார் வலையை ஒதுக்கி, ஒரு மூலையில் ஓலைத்தட்டி வைத்து அடைத்துக் கொடுத்தார். தை மாத வெயிலில் அவை கரையெங்கும் மேய்ந்தன. அவற்றில் நாலைந்து பெட்டைகளை ஓரகத்தியின் முற்றத்தில் விட்டேன். அவற்றின் வம்சம் வெகுகாலம் இரண்டு வீட்டிலும் இருந்தது.

என் பயம் எங்கேயும் போய்விடவில்லை. இன்றைக்கும் வெளியூர் போனால் வீட்டைப் பற்றி நூறு நினைப்பு வரும். ஆனாலும் நான் இல்லாத நேரத்தில் மழை வந்தால், என்னோடு பேசாத ஒருத்தியாவது ஓடி வருவாள் என்ற தைரியத்தில்தான் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறேன்.